ரயில்வே கேட்டை மூடலாமா? வீடுகள் நிறைந்த ஒரு தெருவுக்கான கணக்கு

மதுரையில் தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருக்கும் யாருக்கும் இந்தப் பேச்சு புதிதல்ல. கேட்டை எடுக்கப் போகிறார்கள் என்று ஒரு தகவல் கிளம்பும். ரெண்டு வருஷம் ஒன்றும் நடக்காது. அப்புறம் ஒரு நாள் முக்காலிக் கருவியோடு ஆட்கள் வந்து தெருவை அளப்பார்கள். எங்கள் பகுதி இப்போது அளக்கும் கட்டத்தில் இருக்கிறது. இரட்டைப் பாதை, இரண்டு பக்கமும் வீடுகள், ஒரு பக்கம் பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும், மறு பக்கம் பஸ் ஸ்டாப்பும் மார்க்கெட்டும். தெருவின் அகலம் முப்பது அடி. தண்டவாளம் தெருவைவிட உயரத்தில் இருப்பதால் கேட்டுக்கு இரு பக்கமும் சாலை மேடேறி இறங்கும்.

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஆளுக்கொரு தீர்வு சொன்னார்கள். மேம்பாலம்தான் கௌரவம் என்றார் ஒருவர். கேட்டை இப்படியே விட்டால் போதும் என்றார் இன்னொருவர். சுரங்கப்பாதை என்ற சொல் வந்ததும் பாதிப் பேர் “தண்ணி நிக்கும், வேண்டாம்ணே” என்று எழுந்துவிட்டார்கள். அதனால்தான் ஒவ்வொரு வழியையும் தனித்தனியாக எடுத்து எழுதிப் பார்க்கிறேன். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம்: கார், லாரிகளுக்கு இந்தக் கேட்டை மூடிவிடலாம். ஆனால் நடந்து போகிறவர்களுக்கும் சைக்கிள், பைக்குக்கும் மாற்று வழி திறந்த பிறகுதான் மூட வேண்டும். அந்த வழி படியேறும் பாலமாக இருக்கக் கூடாது.

ரயில்வே ஏன் மூடப் பார்க்கிறது?

பத்து வருஷத்துக்கு முன் இருந்த கேட் வேறு, இன்றைய கேட் வேறு. மதுரைக்குத் தெற்கே திருமங்கலம், விருதுநகர் வழியாகத் திருநெல்வேலிப் பக்கம் போகும் பாதை 2024-ல் முழுவதும் இரட்டைப் பாதையாகிவிட்டது. 2023 செப்டம்பரில் சென்னை–திருநெல்வேலி வந்தே பாரத் வந்தது. அடுத்த ஆகஸ்ட் 31 அன்று சென்னை–நாகர்கோவில், மதுரை–பெங்களூரு வந்தே பாரத் ரயில்கள் ஒரே நாளில் தொடங்கின. வண்டிகள் கூடின, வேகமும் கூடியது.

மணிக்கு 110 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு முப்பது மீட்டர். அந்த வேகத்தில் வரும் ரயிலை நிறுத்த ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வேண்டும். அதனால்தான் ரயில் கண்ணில் படாதபோதே கேட் போட்டுவிடுகிறார்கள். இன்டர்லாக்கிங் உள்ள கேட்டில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. கேட் இறங்கிப் பூட்டு விழுந்தால்தான் சிக்னல் பச்சைக்கு மாறும். கேட் கீப்பர் இரண்டு நிமிடம் தாமதித்தால் எங்கோ தூரத்தில் வரும் ரயில் வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கும், அதற்கு அவரைத்தான் கேள்வி கேட்பார்கள். ஆகவே அவர் சீக்கிரமாகத்தான் மூடுவார். ஒரு ரயில் போனதும் எதிர்த்திசை ரயில் நெருங்கிவிட்டால் திறக்கவே மாட்டார். பைக்கை ஆஃப் பண்ணிவிட்டு அவரைத் திட்டிக்கொண்டு நிற்கிறோமே, அவர் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை.

கேட்டுக்கு என்ன செய்வது என்று முடிவெடுக்க ரயில்வேக்கு ஒரு கணக்கு இருக்கிறது. டி.வி.யு., அதாவது ‘டிரெயின் வெஹிக்கிள் யூனிட்’ என்பார்கள். ஒரு நாளில் போகும் ரயில்களின் எண்ணிக்கையைச் சாலையில் கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கையால் பெருக்குவது. 60 ரயில், 2,000 வண்டி அலகு என்றால் 1,20,000. ஒரு லட்சத்தைத் தாண்டினால் ரயில்வேயும் மாநில அரசும் செலவைப் பகிர்ந்து மேம்பாலமோ கீழ்ப்பாலமோ கட்டத் தகுதி வந்துவிடும். பல ஆண்டுகளாக உள்ள வழக்கம் இது. இரட்டைப் பாதை வந்து ரயில் கூடியதும், தெருவில் ஒரு வண்டிகூடக் கூடாமலேயே பல கேட்டுகளின் கணக்கு ஏறிவிட்டது.

கணக்கின் பெயரிலேயே பார்த்தீர்களானால், அது வண்டிக் கணக்கு. நடந்து போகிறவர் அதில் இல்லை. எங்கள் கேட்டில் காலை எட்டரை மணிக்கு நின்று பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள், அரசு கொடுத்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் பிளஸ் ஒன் மாணவிகள், பூக்கூடையோடு வரும் அக்கா, மாத்திரை வாங்கப் போகும் தாத்தா, இவர்கள்தான் கூட்டம். முடிவு எடுக்கும் தாளில் இந்தக் கூட்டம் சைபர். இந்தக் கட்டுரையில் மற்ற எதையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். எந்த வழி நல்லது என்ற கேள்விக்கு விடை மாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இப்படியே விட்டால்?

விட்டுவிடலாம் என்பவர்களின் வாதம் வலுவில்லாதது அல்ல. கேட் இருக்கிற வரை சமதளத்தில் நேராகக் கடக்கலாம். ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம், மழைக்குப் பயமும் இல்லை. லாரியும் போகும், தண்ணி வண்டியும் வரும், இறுதி ஊர்வலமும் போகும். காத்திருப்பதுதான் விலை.

அந்த விலை எல்லா இடத்திலும் ஒன்றல்ல. மதுரையிலேயே போடி லைனைப் பாருங்கள். 2010 கடைசியில் மீட்டர்கேஜ் ரயில் நின்ற பிறகு பத்து வருஷத்துக்கு மேல் அந்தப் பாதையில் தேனிக்கு ரயிலே இல்லை. 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் அகலப் பாதையில் ரயில் வந்தது. இன்றும் அங்கே ஒரு நாளில் ஓடும் ரயில்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த லைனில் உள்ள ஒரு குடியிருப்புக் கேட்டை மூடி, கோடிக்கணக்கில் செலவழித்துப் பாலம் கட்ட வேண்டும் என்றால் நான் எதிர்த்துத்தான் பேசுவேன். நல்ல இன்டர்லாக்கிங், விழிப்பான ஆள், இவை இருந்தால் போதும். திண்டுக்கல்–மதுரை–திருமங்கலம் இரட்டைப் பாதையில் உள்ள கேட்டுக்கு இதே பதில் பொருந்தாது. “அங்க மட்டும் கேட்ட விட்டுட்டாங்க, நம்மளுத மட்டும் மூடுறாங்க” என்று கூட்டத்தில் ஒருவர் கொதித்தார். ரயில் எண்ணிக்கையை ஒப்பிட்டால் அந்தக் கொதிப்புக்கு இடமில்லை.

பாதுகாப்பையும் பார்க்க வேண்டும். 2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அது இன்டர்லாக்கிங் இல்லாத கேட். நிலைய அதிகாரியும் கேட் கீப்பரும் போனில் பேசிக்கொள்வதை நம்பித்தான் ரயில் போக வேண்டும். அதன் பிறகு எல்லாக் கேட்டுகளிலும் சிசிடிவி, இன்டர்லாக்கிங் வைப்பதற்கான டி.வி.யு. வரம்பை 20,000-லிருந்து 10,000-ஆகக் குறைப்பது என்று ரயில்வே அறிவித்தது. இன்டர்லாக்கிங் இருந்தால் அந்த வகை விபத்து நடப்பது அரிது. ஆனால் எங்கள் கேட்டில் நான் பயப்படுவது வேறொன்றுக்கு. கேட் பத்து நிமிடம் விழுந்து கிடந்தால் பைக்கைச் சாய்த்துக் கட்டைக்கு அடியில் நுழைகிறார்கள். முதல் ரயில் போய்விட்டது என்று கிளம்பும்போது இரண்டாவது பாதையில் வரும் ரயிலை முதல் ரயிலின் கடைசிப் பெட்டி மறைத்துக்கொண்டிருக்கும். ஒற்றைப் பாதையில் பழகிய கண்ணுக்கு இது புதிய ஆபத்து. இன்டர்லாக்கிங்கால் இதைத் தடுக்க முடியாது.

ஆம்புலன்ஸ் விஷயத்தில் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கேட் இருந்தால்தான் ஆம்புலன்ஸ் சீக்கிரம் வரும் என்று எல்லோரும் சொல்வோம். 108 டிரைவர்களோ கேட் இருக்கும் வழியை முடிந்த மட்டும் தவிர்த்துச் சுற்று வழியில்தான் வருகிறார்கள். ரெண்டு கிலோமீட்டர் சுற்றினால் எத்தனை நிமிடம் என்று அவருக்குத் தெரியும். கேட் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது.

மூடிவிட்டு “சுற்றிப் போங்கள்” என்றால்?

ரயில்வேக்குச் செலவு குறைந்த வழி இதுதான். பக்கத்தில் ஒன்றரைக் கிலோமீட்டரில் மேம்பாலம் இருக்கிறதே, அந்த வழியாகப் போங்கள் என்று எழுதி, கேட்டைச் சுவர் வைத்து அடைத்துவிடலாம். காகிதத்தில் வேலை முடிந்தது.

தெருவில் முடியாது. காருக்கு மூன்று கிலோமீட்டர் என்பது ஏழெட்டு நிமிடம். காலால் நடப்பவருக்கு அது முக்கால் மணி நேரம். மறு பக்கம் கூப்பிடு தூரத்தில் பள்ளிக்கூடம் தெரியும்போது எந்தப் பிள்ளை முக்கால் மணி நேரம் சுற்றிப் போகும்? சுவரில் ஒரு வாரத்தில் ஓட்டை விழும். ரயில்வே அடைக்கும், திரும்ப விழும். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவு, அனுமதியில்லாமல் தண்டவாளத்தில் நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. மதுரையைச் சுற்றி அந்தச் சட்டத்தை மீறாமல் வளர்ந்தவர்கள் குறைவு. கேட் இருந்தபோது குறைந்தபட்சம் ஒரு கட்டையும் சிவப்பு விளக்கும் அதட்ட ஒரு ஆளும் இருந்தார்கள். ஓட்டை வழியில் அதுவும் இல்லை. பாதுகாப்புக்காக மூடுகிறோம் என்று சொல்லி மாற்று வழி இல்லாமல் மூடினால், ஆபத்து ஐம்பது மீட்டர் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

மூடுவதால் கிடைக்கும் நன்மையையும் சொல்லிவிடுகிறேன். கேட்டுக்குச் சற்று முன்னால் தண்டவாளத்தின் ஓரம் ‘டபிள்யூ/எல்’ என்று எழுதிய மஞ்சள் பலகையைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கண்டதும் ஓட்டுநர் ஹாரன் அடிக்க வேண்டும். கேட் போனால் பலகையும் போகும். ராத்திரி ரெண்டு மணிக்கு முழு வீச்சில் கேட்கும் அந்தச் சத்தம் குறைந்தாலே கேட்டை ஒட்டிய வீடுகளில் பச்சைப்பிள்ளைகள் தூங்கும். தெருவும் யாருக்கும் குறுக்கு வழியாக இருக்காது. இப்போது மெயின் ரோட்டு நெரிசலைத் தவிர்க்க நினைக்கும் கார்களெல்லாம் எங்கள் தெருவில்தான் நுழைகின்றன.

நஷ்டப்படுகிறவர்களும் உண்டு. கேட்டடியில் வெள்ளரிப்பிஞ்சும் வேர்க்கடலையும் விற்கிறவர்களுக்குக் கேட் விழுந்து கிடக்கும் நேரம்தான் வியாபார நேரம். எந்தத் திட்ட அறிக்கையிலும் அவர்களுக்கு ஒரு வரி கிடையாது.

மேம்பாலம் என்றால் எவ்வளவு நீளம்?

மேம்பாலம் கேட்பவர்கள் முதலில் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் நடக்க வேண்டும். மின்மயமான பாதைக்கு மேலே பாலம் போட்டால் தண்டவாளத்திலிருந்து பாலத்தின் அடிப்பாகம் வரை ஆறரை மீட்டருக்குக் குறையாமல் இடைவெளி வேண்டும். மேலே ஓடுவது 25,000 வோல்ட் கம்பி. அதற்கு மேல் பாலத்தின் கனம். எங்கள் தெரு தண்டவாளத்தைவிடத் தாழ்வு, அதையும் சேர்த்தால் தெருவிலிருந்து சுமார் பத்து மீட்டர் ஏற வேண்டும். முப்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம் என்று வைத்தால் ஒரு பக்கத்துக்கு 300 மீட்டர், இரண்டு பக்கமும் சேர்த்து 600 மீட்டர். இருவழிப் பாலத்தின் அகலம் மட்டுமே முப்பது அடியை நெருங்கிவிடும். தெருவே முப்பது அடி. இரு பக்கமும் சர்வீஸ் ரோடு வேண்டுமென்றால் முன்வரிசை வீடுகள் போக வேண்டும்.

அதாவது மேம்பாலம் கேட்கும் நாம் பாதிப் பேர் நம் வீட்டை இடிக்கச் சொல்லிக் கேட்கிறோம். மீதிப் பேர் மாடி ஜன்னலைத் திறந்தால் லாரி போகும் வாழ்க்கையைக் கேட்கிறோம். பாலத்துக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் கடைகளின் கதி, மதுரையில் பாலம் வந்த எந்தத் தெருவிலும் போய்ப் பார்க்கலாம்.

காலமும் இழுக்கும். தண்டவாளத்துக்கு மேல் வரும் பகுதியை ரயில்வே கட்டும். இரு பக்கச் சரிவுகளை மாநில நெடுஞ்சாலைத் துறை கட்டும். நிலத்தை வருவாய்த் துறை எடுத்துக் கொடுக்க வேண்டும். மூன்றும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. நடுப்பாலம் மட்டும் முடிந்து, இரண்டு முனையும் அந்தரத்தில் நிற்கும் காட்சி தமிழ்நாட்டில் புதிதா என்ன? சோழவந்தானில் மேம்பாலத்துக்கு மக்கள் எத்தனை வருஷம் காத்திருந்தார்கள் என்று அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இத்தனைக்கும் பிறகு நடப்பவருக்கு என்ன கிடைக்கும்? வெயிலில் 600 மீட்டர் ஏறி இறங்கும் நடை. சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு நாள் அதைச் செய்தால் போதும், மறுநாள் கால் தானாகத் தண்டவாளத்துக்குத்தான் போகும். மேம்பாலம் நெடுஞ்சாலைக்கும் பஸ் ரூட்டுக்கும் பொருத்தமானது. ஊரையே இரண்டாகப் பிளக்கும் கேட்டில், பஸ்ஸும் லாரியும் மணிக்கணக்கில் நிற்கும் இடத்தில் மேம்பாலத்தை விட்டால் வேறு வழி இல்லை. எங்கள் தெருவில் டவுன் பஸ்கூட வருவதில்லை.

நடைமேம்பாலத்தைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. தெருவிலிருந்து ஐம்பது படிக்கு மேல் ஏறி, அதே அளவு இறங்க வேண்டும். சாய்தளம் வைத்தால் ஒரு பக்கத்துக்கே நூறு மீட்டர் நீளும். கூட்டத்தில் பூ விற்கும் அக்கா கேட்டார், “கூடையத் தூக்கிக்கிட்டு நான் அதுல ஏறுவேனாப்பா?” அதற்கு மேல் என்ன சொல்ல.

சுரங்கப்பாதை: தண்ணீரா, அளவா?

மிஞ்சியது கீழே போகும் வழி. மதுரைக்காரர்களிடம் இதைச் சொன்னால் உடனே மணிநகரம் பக்கம் கர்டர் பாலத்தடியைச் சொல்வார்கள். ஒரு நல்ல மழை பெய்தால் அங்கே பஸ் மாட்டிக்கொண்டு நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இதைவிடப் பயங்கரமானதும் நடந்திருக்கிறது. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் மூழ்கி ஒரு பெண் மருத்துவர் இறந்தார். ஆகவே “தண்ணி நிக்கும்” என்பவர்களைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. அவர்கள் சொல்வது உண்மை.

ஆனால் எவ்வளவு ஆழத்தில் கட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்து அந்த உண்மையின் அளவு மாறும். சுரங்கப்பாதை என்றதும் எல்லோரும் கார் போகும் அளவைத்தான் மனதில் வைத்துக்கொள்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கார், வேன் போக உள்ளே சுமார் 4 மீட்டர் உயரம் வேண்டும் என்று வையுங்கள். மேலே கான்கிரீட், ஜல்லி, ஸ்லீப்பர் எல்லாம் சேர்த்து இன்னொரு மீட்டர். தண்டவாளத்திலிருந்து 5 மீட்டர் கீழே தரை வரும். தண்டவாளம் தெருவைவிட ஒன்றரை மீட்டர் உயரம் என்றால் தெருவிலிருந்து மூன்றரை மீட்டர் பள்ளம். இருபதுக்கு ஒன்று சரிவில் ஒரு பக்கத்துக்கு 70 மீட்டர்.

இதையே நடப்பவர், சைக்கிள், பைக்குக்கு மட்டும் கட்டினால் உள்ளே இரண்டரை மீட்டர் உயரம் போதும். அதே கணக்கில் தெருவிலிருந்து இரண்டு மீட்டர் பள்ளம்தான். சரிவு ஒரு பக்கம் 40 மீட்டர். அகலம் மூன்று, நாலு மீட்டர். முப்பது அடித் தெருவுக்குள் இது அடங்கும், இரு பக்கமும் வீட்டு வாசலுக்குப் போக இடமும் மிஞ்சும். ஒரு வீட்டையும் தொட வேண்டாம், நிலம் கையகப்படுத்தும் படலமே வேண்டாம். நடைமேம்பாலத்தில் ஒரு ஆள் எட்டு மீட்டர் ஏற வேண்டும். இங்கே இரண்டு மீட்டர் இறங்கி ஏறினால் போதும். சைக்கிளில் இறங்கும் வேகத்திலேயே மறு பக்கம் பாதி ஏறிவிடலாம்.

கட்டும் முறையும் இப்போது சுலபம். பெட்டி வடிவ கான்கிரீட் துண்டுகளை வெளியே வார்த்து வைத்து, சில மணி நேரம் ரயிலை நிறுத்தித் தண்டவாளத்துக்கு அடியில் தோண்டி, கிரேனில் இறக்கிவிடுகிறார்கள். பெரிய வேலை முன்னும் பின்னும் உள்ள சரிவுகளில்தான்.

சரி, தண்ணீர்? 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் கால் மணி நேரத்தில் மட்டும் 4.5 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்த நாள். அந்த மழையை வைத்தே பார்க்கலாம். 40 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம் உள்ள இரண்டு சரிவுகள் என்றால் 320 சதுர மீட்டர். அதில் நேராக விழும் மழை மட்டும் கால் மணி நேரத்தில் 14,000 லிட்டரைத் தாண்டும். ஒரு தண்ணி லாரிக்கும் அதிகம். தெருவிலிருந்து வழிந்து வருவதைச் சேர்க்கவே இல்லை.

இந்த எண்ணைப் பார்த்து நான் பயப்படவில்லை, எதைக் கேட்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது. முதலில் சரிவு முழுவதற்கும் கூரை. வேறு ஊர்களில் ரயில்வே சுரங்கப்பாதைகளுக்குத் தகரக் கூரை போட்டிருப்பதைப் பார்த்திருக்கலாம். நேராக விழும் மழை அதோடு போயிற்று. அடுத்து, இறங்கும் வாயில் தெருவைவிட அரை அடி மேடு. தெருத் தண்ணீர் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. அதற்கும் மேல் கசிந்து வருவதற்குத் தரைக்கடியில் ஒரு தொட்டியும் மோட்டாரும். அந்த மோட்டார் தண்ணீரை எங்கே தள்ளும் என்பதுதான் பலர் கேட்காமல் விடும் கேள்வி. மழைநீர் வாய்க்கால் ஏற்கனவே நிரம்பி வழியும்போது அதிலேயே தள்ளினால் சுற்றிச் சுற்றி அதே தண்ணீர்தான்.

கண்மாய்ப் பக்கமும் ஒரு பார்வை வேண்டும். மதுரையின் தென்மேற்கில் மாடக்குளம், தென்கால், நிலையூர் என்று வரிசையாகக் கண்மாய்கள். அவற்றின் ஆயக்கட்டில்தான் இன்றைய நகர்கள் பலவும் நிற்கின்றன. கண்மாய் நிறைந்த வருஷங்களில் சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறும். மூன்றரை மீட்டர் பள்ளத்தில் மழையே இல்லாமலும் ஊற்று கசியலாம். இரண்டு மீட்டரில் அந்த வாய்ப்பு குறைவு. சின்னதாகக் கேளுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம்.

எதிர்வாதமும் இருக்கிறது. இரண்டரை மீட்டர் சுரங்கத்தில் ஆட்டோ நுழையப் பார்க்கும், மினி வேனும் முயற்சி செய்யும். வாயிலில் இரும்புத் தூண் நட்டுத்தான் ஆக வேண்டும். ராத்திரி விளக்கு எரியாவிட்டால் பெண்கள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். குடிப்பவர்களுக்கு நிழலான இடம் கிடைத்துவிடும். இதைச் சங்கத்தில் ஒரு மதினி எழுந்து சொன்னபோது ஆண்கள் யாரும் வாய் திறக்கவில்லை. நீளம் குறைவாக, ஒரு முனையில் நின்றால் மறு முனை தெரியும்படி நேராக இருப்பது இதற்குப் பாதி மருந்து. இரட்டைப் பாதைக்கு அடியில் மூடிய பகுதி பதினைந்து மீட்டருக்குள் அடங்கிவிடும். விளக்கும் கேமராவும் மீதி. தீயணைப்பு வண்டி, தண்ணி லாரி, காஸ் சிலிண்டர் வண்டி எல்லாம் சுற்றித்தான் வர வேண்டும். வருவதற்கு மெயின் ரோட்டில் மேம்பாலம் இருக்கிறது. அந்த வண்டிகள் பெட்ரோல் போட்டு ஓடுகின்றன, மூன்று கிலோமீட்டர் கூடுதலாக ஓடினால் ஒன்றும் ஆகாது.

கார் வைத்திருப்பவர்கள் கோபப்படுவார்கள் என்று தெரியும். நானும் கார் வைத்திருக்கிறேன். மார்க்கெட்டுக்குச் சுற்றித்தான் போவேன்.

மனுவில் என்ன எழுதுவது?

ஆள் உள்ள ஒரு கேட்டை ரயில்வே தன் இஷ்டத்துக்கு மூட முடியாது. மாவட்ட நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். அதனால் பேச வேண்டிய இடம் கேட்டடி அல்ல, கலெக்டர் ஆபீஸில் திங்கள்தோறும் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டம். “கேட்டை மூடாதே” என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், மூடுவதற்கான காரணங்களை அடுக்கி ஒரு பதில் வரும், அதோடு கோப்பு முடிந்துவிடும். மூடச் சம்மதம், ஆனால் இன்ன நிபந்தனையில் என்று எழுதினால் அதற்குத் தனியாகப் பதில் சொல்லியாக வேண்டும்.

நான் எழுதச் சொல்வது இவற்றை. சுரங்கப்பாதை மக்கள் பயன்பாட்டுக்கு வந்த மறுநாள்தான் கேட் மூடப்பட வேண்டும். வேலை நடக்கும் மாதங்களில் கேட் வழி நடப்பவருக்குத் திறந்திருக்க வேண்டும். வரைபடத்தில் தெருவின் மட்டம், வாயில் மட்டம், தரை மட்டம் மூன்றையும் போட்டுக் காட்ட வேண்டும். மோட்டார் தண்ணீர் போய்ச் சேரும் வாய்க்காலின் பெயரை எழுதித் தர வேண்டும். கடைசியாக, மோட்டாருக்கும் விளக்குக்கும் ஈ.பி. பில் யார் கட்டுவது என்பது. கட்டி முடித்ததும் பராமரிப்பு பெரும்பாலும் உள்ளாட்சியின் தலையில் விழும். எந்தத் துறை, எந்தக் கணக்குத் தலைப்பு என்று எழுத்தில் இல்லாவிட்டால் மூன்றாவது மழைக்கு மோட்டார் ஓடாது, நாம் போன் போட்டுக்கொண்டிருப்போம்.

ஒரு நாளில் எத்தனை பேர் நடந்து கடக்கிறார்கள் என்ற எண்ணிக்கையையும் நாமே எடுத்துச் சேர்க்க வேண்டும். யாரும் நமக்காக எண்ண மாட்டார்கள். காலேஜ் பிள்ளைகள் நாலு பேர், ரெண்டு நோட்டு, காலை ஆறு முதல் இரவு பத்து வரை முறை போட்டு உட்கார்ந்தால் ஆயிற்று. நடப்பவர், சைக்கிள், பைக், ஆட்டோ, கார் என்று ஐந்து பத்தி போதும்.

இன்னும் தீராதது சப்பரம். கோவில் திருவிழாவில் சாமி இந்தக் கேட்டைத் தாண்டித்தான் மறு பக்கத் தெருக்களுக்குப் போகும். மின்கம்பி வந்த பிறகே சப்பரத்தின் உயரத்தைக் குறைத்தாயிற்று. இரண்டரை மீட்டர் சுரங்கத்தில் அதுவும் நுழையாது. மெயின் ரோட்டு மேம்பாலம் வழியாக என்றால் போலீஸ் அனுமதி வேண்டும், சுமப்பவர்களுக்குத் தூரமும் கூடும். மறு பக்கத்துக்கு ஒரு சின்னத் தனிச் சப்பரம் செய்துவிடலாம் என்கிறார் பூசாரி, அதெல்லாம் வழக்கம் இல்லை என்கிறார்கள் பெரியவர்கள். மனு கொடுக்கும் முன் கோவில் கமிட்டியிடம் இதைப் பேசி முடித்துவிடுவது நல்லது. இல்லையென்றால் எல்லாம் கூடி வந்த பிறகு இதை வைத்தே யாராவது தடை போடுவார்கள்.